அம்மா ஏன் மாத்திரையை ஒளித்து வைக்கிறார்?

கேள்வி: எங்கள் ஊர் பாம்பன் பக்கம். அம்மாவுக்கு 53 வயது, எட்டு வருஷமாகச் சர்க்கரை. சின்ன வயதிலிருந்தே தீவுப் பக்கம் கடல்பாசி எடுக்கப் போனவர். போன வருஷம் பாரில் (கடலடிப் பாறையில்) குத்தி இடது கால் புண்ணாகி, ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. புண் ஆறிவிட்டது, அம்மா பழையபடி ஆகவில்லை. நான்கு மாதமாக வாசலைத் தாண்டுவதில்லை. விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து உட்கார்ந்துகொள்கிறார். சோறு இரண்டு வாய்தான். மூன்று மாதச் சராசரி சர்க்கரை (HbA1c) 10.4. டாக்டர் இரண்டு தடவை மாத்திரையைக் கூட்டினார், இனி இன்சுலின்தான் என்கிறார். போன வாரம் படுக்கையை உதறும்போது தலையணைக்கு அடியில் ஒரு கைப்பிடி மாத்திரை கிடந்தது. கேட்டால் அழுகிறார். "அன்னைக்கே கடலோட போயிருந்தா உங்களுக்குத் தொந்தரவு இல்ல" என்கிறார். வேண்டுமென்றே செய்கிறார் என்று அண்ணன் கத்துகிறான். பக்கத்து வீட்டு அக்கா ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப்போகச் சொல்கிறார். சர்க்கரையால் மனசு கெட்டதா, மனசு கெட்டதால் சர்க்கரை ஏறியதா? மனசுக்கு மாத்திரை கொடுத்தால் காலம் பூராவும் அதிலேயே கிடப்பாரா? இன்சுலின் என்றால் கடைசிக் கட்டமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கேள்விகளுக்கு அப்புறம் வருகிறேன். அதற்கு முன் இன்றைக்கே செய்ய வேண்டியவை இரண்டு இருக்கின்றன.

தலையணைக்கு அடியில் கிடைத்த மாத்திரைகளையும் வீட்டில் இருக்கும் மற்ற அட்டைகளையும் உங்கள் கைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் "இனிமேல் நானே நின்று எல்லா மாத்திரையையும் விழுங்க வைக்கிறேன்" என்று உடனே ஆரம்பித்துவிடாதீர்கள். அம்மா மாத்திரை போடுகிறார் என்று நம்பித்தான் டாக்டர் இரண்டு தடவை அளவைக் கூட்டியிருக்கிறார். சர்க்கரை இறங்காததற்கு மாத்திரை போதாதது காரணமாக இருந்திருக்காது. அது வயிற்றுக்குள் போகாததுதான் காரணமாக இருந்திருக்கும். இப்போது அந்தக் கூட்டிய அளவு முழுவதும், இரண்டு வாய் சோறு மட்டும் சாப்பிடுகிற உடம்புக்குள் ஒரே நாளில் போனால் சர்க்கரை தடாலென்று இறங்கிவிடும். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகள் இருந்தால் இந்த ஆபத்து நிஜமானது. அட்டைகளை எல்லாம் எடுத்துக்கொண்டு நாளைக்கே அதே டாக்டரிடம் போய், "அம்மா இத்தனை நாளாகச் சரியாகப் போடவில்லை, சாப்பாடும் குறைவு" என்று உள்ளதைச் சொல்லுங்கள். அவர் அளவைத் திருத்திக் கொடுப்பார். திட்டுவாரோ என்று பயப்பட வேண்டாம். திட்டினாலும் பரவாயில்லை, இந்தத் தகவல் தெரியாமல் அவர் இன்னும் கூட்டிக்கொண்டே போவதுதான் மோசம்.

இடையில் திடீரென்று வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறினால் அது லோ சுகராக இருக்கலாம். நினைவு இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்துப் பாருங்கள். தெளிந்ததும் ஏதாவது சாப்பிட வையுங்கள். நினைவு இல்லையென்றால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

இரண்டாவது, "கடலோட போயிருந்தா" என்று அம்மா சொன்னது. அதைக் கோபத்தில் சொன்ன பேச்சு என்று விட்டுவிடாதீர்கள். தனியாக இருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து நேராகவே கேளுங்கள்: "அம்மா, செத்துப்போகலாம்னு தோணுதா? ஏதாவது பண்ணிக்கலாம்னு நினைச்சியா?" இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோமோ என்று எல்லோருக்கும் ஒரு பயம் உண்டு. அப்படி நடப்பதில்லை. யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவர்கள்தான் அதிகம். "ஆமாம்" என்றால் அவரைத் தனியே விடாமல் அன்றைக்கே ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். ராத்திரி நேரத்தில் என்ன செய்வதென்று தெரியாவிட்டால் 14416-க்குப் பேசலாம். அது மத்திய அரசு 2022-ல் தொடங்கிய டெலி மானஸ் மனநல உதவி எண், கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசுவார்கள்.

சரி, இனி உங்கள் கேள்விகள்.

நான் உங்கள் அம்மாவை நேரில் பார்க்கவில்லை. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இது மனச்சோர்வு நோயாக இருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. விடியற்காலை விழிப்பு, சாப்பாட்டில் பிடிப்பில்லாமல் போனது, வெளியே வராதது, தான் ஒரு பாரம் என்ற நினைப்பு, சாவைப் பற்றிய பேச்சு எல்லாம் நான்கு மாதமாகச் சேர்ந்து இருக்கின்றன. இரண்டு வாரம் தொடர்ந்து இருந்தாலே நாங்கள் கவனிக்க ஆரம்பித்துவிடுவோம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அசதி, தூக்கம் கெடுவது, உடம்பு இளைப்பது ஆகியவை சர்க்கரை ஏறிக்கிடந்தாலும் வரும். ராத்திரி நாலு தடவை சிறுநீருக்கு எழுந்தால் யாருக்குத்தான் தூக்கம் வரும்? அதனால் சர்க்கரை டாக்டர்கள் பலர் இதையெல்லாம் சர்க்கரைக் கணக்கிலேயே எழுதிவிடுகிறார்கள். நம் பக்கத்துப் பெண்களும் "மனசு சரியில்லை" என்று வந்து சொல்வதில்லை. "உடம்பெல்லாம் வலி, தலை பாரம், நெஞ்சு படபடங்குது, கால் எரியுது" என்றுதான் சொல்வார்கள். வலிக்கு ஊசி, எரிச்சலுக்கு ஒரு மாத்திரை, அதோடு அன்றைய பார்வை முடிந்துவிடும். முன்பு பிடித்தது எதுவும் இப்போது பிடிக்கவில்லை, என்னால் யாருக்கும் பிரயோசனம் இல்லை, இனி ஒன்றும் சரியாகாது என்கிற நினைப்புகளை மட்டும் சர்க்கரை தானாகக் கொண்டுவராது. இவை இருந்தால் மனச்சோர்வைத் தேடியே ஆக வேண்டும்.

எது முதலில் வந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்வி பழையது. 17-ம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் இருந்த தாமஸ் வில்லிஸ் என்ற மருத்துவர், நீண்ட நாள் துக்கம் சர்க்கரை நோயைக் கொண்டுவரும் என்று எழுதிவைத்தார். சர்க்கரை நோயாளியின் சிறுநீர் தேன் போல இனிக்கிறது என்று எழுதியவரும் அவர்தான். இன்றைக்கு இது இரண்டு பக்கமும் ஓடுகிற வழி என்று தெரியும். சர்க்கரை உள்ளவர்களிடம் மனச்சோர்வு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு காணப்படுகிறது. மறுபக்கம், பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2008-ல் வந்த ஒரு கணக்கு, மனச்சோர்வு உள்ளவர்களுக்குப் பின்னால் இரண்டாம் வகைச் சர்க்கரை வரும் வாய்ப்பு சுமார் 60 சதவீதம் அதிகம் என்றது.

எப்படி என்றால், மனம் நொந்து கிடக்கும்போது உடம்பு அதை ஓர் ஆபத்தாகவே எடுத்துக்கொள்கிறது. கார்ட்டிசால், அட்ரினலின் போன்ற சுரப்புகள் கூடுகின்றன. கார்ட்டிசால் ஈரலைச் சர்க்கரையை ரத்தத்தில் விடச் சொல்லும், இன்சுலின் சொல்வதைத் தசைகள் கேட்காமல் செய்யும். உங்கள் அம்மா பட்டினி கிடந்தும் சர்க்கரை இறங்காமல் இருப்பதற்கு மாத்திரை போடாததோடு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். "சாப்பிடறதே இல்ல, அப்புறம் எப்படி டாக்டர் ஏறும்?" என்று கேட்காத குடும்பம் இல்லை. உடம்பில் மெல்லிய அழற்சி ஒன்று ஓடிக்கொண்டிருப்பதும் இரண்டு நோய்க்கும் பொது. அதற்கு மேல், மனம் சோர்ந்தவர் நடக்க மாட்டார், தூங்க மாட்டார், மாத்திரை போட மாட்டார். சர்க்கரை ஏறினால் அசதி கூடும், அசதி வந்தால் இன்னும் படுப்பார்.

ஆகவே எது முதலில் என்ற விசாரணையை விட்டுவிடுங்கள். உங்கள் வீட்டுக்கு அதனால் லாபம் இல்லை. முதலில் சர்க்கரையைக் குறைப்போம், மனசைப் பிறகு பார்ப்போம் என்று தள்ளிப்போடுவதுதான் நான் அடிக்கடி பார்க்கிற கோளாறு. மனசைப் பார்க்காமல் சர்க்கரை இறங்காது, ஏனென்றால் மாத்திரையை எடுத்து வாயில் போட வேண்டிய கையே சோர்ந்து கிடக்கிறது. இரண்டையும் ஒரே சமயத்தில் பார்க்க வேண்டும். இதை நம் நாட்டிலேயே சோதித்திருக்கிறார்கள். சென்னை உட்பட நான்கு ஊர்களில், சர்க்கரை கட்டுக்குள் இல்லாமல் மனச்சோர்வும் இருந்த 404 பேரிடம் நடந்த ஆய்வு 2020-ல் வெளியானது. ஒரு பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. மறுபாதிக்குச் சர்க்கரை மருத்துவமனையிலேயே ஓர் ஆளைப் போட்டு, அவர் நோயாளியோடு பேசி, மனநிலையையும் சர்க்கரையையும் சேர்த்துக் கவனித்து, மருத்துவர்களுக்கு அவ்வப்போது தகவல் சொல்லும் ஏற்பாடு. இரண்டு வருஷம் கழித்து, மனச்சோர்வு பாதியாகக் குறைந்து, சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு இவற்றில் ஒன்றாவது நன்றாக முன்னேறியவர்கள் முதல் கூட்டத்தில் 57 சதவீதம், இரண்டாவதில் 72 சதவீதம். புது மருந்து ஒன்றும் இல்லை, முக்கியமாக விசாரிக்க ஓர் ஆள் இருந்தார்.

உங்கள் வீட்டில் அந்த ஆள் நீங்கள்தான் போலிருக்கிறது. அண்ணனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவருக்கு என் சார்பில் ஒன்று சொல்லுங்கள்: அம்மா வேண்டுமென்றே செய்யவில்லை. மாத்திரையை விழுங்காமல் ஒளித்து வைப்பது பிடிவாதம் மாதிரித் தெரியும், அது நோயின் அறிகுறி. குணமாக வேண்டும் என்ற ஆசையையே முதலில் எடுத்துக்கொண்டு போகிற நோய் இது. காலையில் எழுந்ததும் "சுகர் எவ்வளவு?" என்று கேட்பதை நிறுத்தி, "ராத்திரி தூங்குனியாம்மா?" என்று கேட்கச் சொல்லுங்கள். மீட்டரில் வரும் எண் வைத்தியத்துக்காகத்தான். அதைப் பரீட்சை மார்க் மாதிரி வைத்துத் திட்ட ஆரம்பித்தால் விரலில் குத்தக் கையையே நீட்ட மாட்டார்.

அம்மா இழந்தது ஒரு விரலை மட்டும் இல்லை என்பதையும் யோசியுங்கள். பாசி எடுக்கப் போகிற பெண்களை எனக்குத் தெரியும். விரலில் துணியைச் சுற்றி, காலில் ரப்பர் செருப்பைக் கட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்து முங்கி, பாரிலிருந்து மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்து எடுக்கிற வேலை. வள்ளத்தில் ஒன்றாகப் போய், பேசிச் சிரித்து, திட்டிக்கொண்டு, சொந்தக் காசோடு வீட்டுக்கு வருகிறவர்கள். அப்படி இருந்தவர் நாலு சுவருக்குள் அடுத்தவர் கையை எதிர்பார்த்து உட்கார்ந்தால் மனம் என்ன பாடுபடும்? 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் வீட்டில் முடங்கும் ஆண்களிடம்கூட இந்தச் சோர்வைப் பார்க்கிறேன். அவர்களுக்கு ஜூன் 15 என்று ஒரு தேதி இருக்கிறது. உங்கள் அம்மாவுக்கு அப்படி ஒரு தேதியை யாரும் சொல்லவில்லை.

மறுபடி முங்கப் போகச் சொல்ல மாட்டேன். எட்டு வருஷச் சர்க்கரை, ஒரு விரல் எடுத்த கால். உணர்ச்சி மரத்திருந்தால் பார் கிழித்தது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும். வெறுங்காலோடு உச்சிவெயில் மணலில் நடந்து பாதம் கொப்பளித்தும் தெரியாமல் வருபவர்கள் உண்டு. ஆனால் கரை வேலை இருக்கிறதே. பாசி காயவைப்பது, தரம் பிரிப்பது, கணக்குப் பார்ப்பது என்று கூட்டாளிகளோடு சாயங்காலம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால்கூடப் போதும். மூடிய செருப்பு போட்டுப் போகட்டும், வந்ததும் பாதத்தை நீங்கள் ஒரு முறை பாருங்கள். முதல் நாள் வர மாட்டார். "உனக்கு எப்போ தோணுதோ அப்போ வா" என்று விட்டுவிடாதீர்கள், இந்த நோயில் தானாகத் தோணாது. அவர் கூட்டாளிகளில் நெருக்கமான ஒருவரிடம் சொல்லி, வீட்டுக்கே வந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போகச் சொல்லுங்கள். முதலில் வாசல் வரை, அப்புறம் தெருமுனை, அதற்கப்புறம் கரை.

மருந்து விஷயம். மனச்சோர்வுக்கான மாத்திரை வேறு, தூக்க மாத்திரை வேறு. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப் பழகிப்போகும் அல்பிரசோலம் மாதிரியானவைதான் அடிமையாக்கும். செர்ட்ராலின், எஸ்சிடலோபிராம் போன்றவை அந்த வகை இல்லை. முதல் ஒரு வாரம் கொஞ்சம் குமட்டல், வயிற்றுக் கலக்கம் இருக்கலாம். பலன் தெரிய இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். பத்தே நாளில் "ஒண்ணும் கேக்கல" என்று நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். நன்றாகிவிட்ட பிறகும் ஆறு மாதமாவது தொடர வேண்டும், நிறுத்தும்போது டாக்டர் சொல்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். காலம் பூராவும் என்பது எல்லோருக்கும் கிடையாது.

மனநல டாக்டரிடம் அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதையும், எல்லா மாத்திரைகளின் பெயரையும் மறக்காமல் சொல்லுங்கள். மிர்டாசபின், ஒலான்சபின் போன்ற சில மருந்துகள் எடையைக் கூட்டும், ஒலான்சபின் சர்க்கரையையும் ஏற்றும். வேறு சில, சர்க்கரை மாத்திரையோடு சேரும்போது சர்க்கரையைக் கொஞ்சம் இறக்கலாம். கால் எரிச்சலும் இருந்தால் டுலோக்செடின் என்று ஒரு மருந்து நரம்பு வலிக்கும் மனச்சோர்வுக்கும் சேர்த்தே உதவும். எது பொருந்தும் என்று அவர் முடிவு செய்வார். புது மருந்து ஆரம்பித்த முதல் சில வாரம் வீட்டில் சர்க்கரையைக் கொஞ்சம் அடிக்கடி பாருங்கள்.

கூடவே ரத்தத்தில் மூன்று சோதனைகளைக் கேட்டுச் செய்யுங்கள். தைராய்டு, ஹீமோகுளோபின், வைட்டமின் பி12. மெட்ஃபார்மினை வருஷக்கணக்கில் போடுகிறவர்களுக்கு பி12 குறையலாம். அது குறைந்தாலே சோர்வு, மறதி, கால் மதமதப்பு, மனத்தளர்ச்சி எல்லாம் வரும். சாதாரண ஊசியிலோ மாத்திரையிலோ சரியாகிற விஷயத்தை விட்டுவிடக் கூடாது. அம்மாவின் எட்டு வருஷச் சீட்டில் மெட்ஃபார்மின் இல்லாமல் இருக்காது என்பது என் ஊகம்.

ஏர்வாடி பற்றி. பக்கத்து வீட்டு அக்கா நல்ல மனசோடுதான் சொல்கிறார். அங்கே போய் மனம் லேசாகித் திரும்புகிறவர்களை நானும் பார்த்திருக்கிறேன், எல்லா மதத்தவரும் போகிற இடம். பிரார்த்தனைக்குப் போவதென்றால் போய்விட்டு வாருங்கள், மாத்திரையைப் பையில் எடுத்துக்கொண்டு. ஆனால் வைத்தியத்துக்குப் பதிலாக அங்கே விட்டுவிட்டு வருவது என்ற பேச்சே வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி அங்கே தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் செத்தது இந்த மாவட்டத்தில் யாருக்கும் மறந்திருக்காது. அதற்குப் பிறகு நிறைய மாறிவிட்டது. பிரார்த்தனையோடு மருந்தும் சேரட்டும் என்று தர்காவை ஒட்டியே அரசு மனநல வைத்தியத்துக்கு ஏற்பாடு வந்தது. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் அரசு மருத்துவமனைகளில் இருக்கிறார்கள். எந்த நாளில் எங்கே பார்க்கிறார்கள் என்று உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் சொல்வார்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை மாத்திரை கொண்டுவரும் பெண் தன்னார்வலர் உங்கள் தெருவுக்கு வருகிறார் என்றால் அவரிடமும் சொல்லிவையுங்கள். ஊர்க்காரப் பெண் சொன்னால் அம்மா கேட்கக்கூடும்.

சாப்பாட்டில் இப்போதைக்குக் கெடுபிடி வேண்டாம். கொஞ்சமாவது மூன்று வேளையும் வயிற்றுக்குப் போக வேண்டும் என்பதுதான் முக்கியம். மீன் குழம்பில் மீன் இரண்டு துண்டு கூடட்டும், சோறு அளவாக இருக்கட்டும். கருப்பட்டிக் காப்பி சர்க்கரைக்கு நல்லது என்று யாராவது கொடுத்தால் மட்டும் தடுத்துவிடுங்கள், கருப்பட்டியும் சர்க்கரைதான்.

கடைசியாக இன்சுலின். அது கடைசிக் கட்டம் இல்லை. உடம்பில் குறைந்துபோனதை வெளியிலிருந்து கொடுப்பதுதான். சில பேருக்குக் கொஞ்ச காலம் போட்டு, கட்டுக்குள் வந்ததும் நிறுத்தியும் விடுகிறோம். அம்மாவுக்கு வேண்டுமா இல்லையா என்பதை, மாத்திரை போடாத உண்மை தெரிந்த பிறகு டாக்டர் புதிதாக யோசிக்கட்டும். இப்போது சர்க்கரை மிக அதிகமாகவோ எடை வேகமாகக் குறைந்துகொண்டோ இருந்தால் உடனே போடச் சொல்லலாம், தயங்காதீர்கள். இல்லையென்றால் இரண்டு வைத்தியமும் ஒழுங்காக மூன்று மாதம் ஓடட்டும், அந்தச் சராசரியை மறுபடி பார்த்து முடிவு செய்யலாம். எப்போது ஆரம்பித்தாலும், சாவைப் பற்றிய பேச்சு முழுதாக ஓயும் வரை இன்சுலின் மருந்தும் ஊசியும் அம்மா கைக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். வேளாவேளைக்கு எடுத்துப் போட்டுவிடும் பொறுப்பை அண்ணனிடம் கொடுங்கள்.